புண்ணாக்கா, மீன்தூளா? மூட்டை வாங்கும் முன் எந்த மீன் என்று பாருங்கள்

மீன் வளர்ப்பில் ஆகும் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்குப் போகிறது. தீவனச் செலவில் பெரும்பங்கு புரதத்துக்குப் போகிறது. அதனால்தான் பண்ணைக்குட்டை வெட்டியவரும், ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவரும், தண்ணீரில் நுண்ணுயிர்த் திரளை வளர்த்து மீன் வளர்க்கும் பயோஃபிளாக் தொட்டி கட்டியவரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். மீன்தூளை விட்டுவிட்டு சோயா, கடலைப் புண்ணாக்கு என்று தாவரப் புரதத்துக்கு மாறிவிடலாமா? மாறினால் எதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்? ஃபைட்டேஸ், மெத்தியோனைன், ப்ரோபயாட்டிக் என்று கடைக்காரர் அடுக்கும் டப்பாக்களில் எது நிஜமாகத் தேவை?

இதற்குப் பொதுவான பதில் ஒன்றைச் சொன்னால் அது யாராவது ஒருவருக்குத் தப்பாகப் போகும். கட்லாவுக்குச் சரியான தீவனம் விராலைப் பட்டினி போடும். விராலுக்குச் சரியான தீவனத்தைக் கட்லாவுக்குப் போட்டால் உங்கள் பணத்தைக் குளத்தில் கொட்டியதாகத்தான் ஆகும். ஆகவே ஒப்பீட்டை மீனின் குடலிலிருந்து தொடங்குகிறேன். மூட்டைகளைப் பற்றிப் பிறகு பேசலாம்.

இரைப்பை இருக்கிறதா?

கட்லா, ரோகு, மிர்கால், புல் கெண்டை, சாதாக் கெண்டை ஆகிய கெண்டை இனங்களுக்கு இரைப்பையே கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போகிறது. அமிலச் சுரப்பு இல்லை, புரதத்தைச் செரிக்கும் பெப்சின் நொதி இல்லை. திலேப்பியாவுக்கு இரைப்பை உண்டு. செரிக்கும் நேரத்தில் அதன் அமிலத்தன்மை பிஎச் 2-க்கும் கீழே இறங்கக் கூடியது. பங்காசியஸ், விரால், கொடுவா மூன்றுக்கும் இரைப்பை உண்டு. ஆனால் கடைசி இரண்டும் பிற மீனைப் பிடித்துத் தின்பவை, மாவுச்சத்தைக் கையாளத் தெரியாதவை.

தேவைப்படும் புரத அளவும் இதையொட்டியே போகிறது. வளர்ந்த கெண்டைக்குத் தீவனத்தில் 25 முதல் 30 சதவீதம் போதும். திலேப்பியாவுக்கு 28 முதல் 32. விராலுக்கும் கொடுவாவுக்கும் 40-க்கு மேல் வேண்டும். வனாமி இறால் நடுவில், 32 முதல் 38 சதவீதத்தில் நிற்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சாணமும் உரமும் போட்டுப் பச்சை பிடித்த மண் குளத்தில் கெண்டை தின்பது நீங்கள் போடும் தீவனத்தை மட்டும் அன்று. நுண்ணுயிர் மிதவைகளில் உலர் எடைக்கு நல்ல புரதம் இருக்கிறது, அது குளத்தில் இலவசமாக விளைகிறது. ஏக்கருக்கு 2,000 விரலி விட்டிருக்கும் குளத்தில் தீவனத்தின் முக்கிய வேலை மாவுச்சத்தும் கொழுப்பும் கொடுத்து, மிதவையில் கிடைத்த புரதம் எரிபொருளாகச் செலவாகாமல் சதையாக மாற வழி செய்வது. நம் ஊரில் கடலைப் புண்ணாக்கும் தவிடும் சரிபாதி கலந்து போட்டே தலைமுறையாக மீன் வளர்ந்ததற்குக் காரணம் இதுதான். ஆந்திராவின் கொல்லேறு பகுதியில் எண்ணெய் எடுத்த தவிட்டைத் துளை போட்ட சாக்கில் கட்டிக் குச்சியில் தொங்கவிட்டு டன் கணக்கில் ரோகு எடுப்பதும் இதே கணக்கில்தான். அந்தக் குளத்தில் மீன்தூளைக் கொட்டினால் மீன் கொஞ்சம் வேகமாக வளரலாம், ஆனால் செலவு அதைவிட வேகமாக வளரும்.

தொட்டியில் வளர்ப்பவருக்கு இந்தச் சலுகை குறைவு. குளத்து மிதவை அங்கே இல்லை, ஃபிளாக் கொஞ்சம் கைகொடுக்கும், மீதி முழுக்கத் தீவனத்திலிருந்தே வர வேண்டும். புண்ணாக்கும் தவிடும் போட்டுத் தொட்டியில் வளர்க்கலாம் என்று யாராவது சொன்னால் தண்ணீர் நாறும் வரை காத்திருக்க வேண்டாம், முதலிலேயே மறுத்துவிடுங்கள்.

மூட்டைக்குள் என்ன

மீன்தூளில் இருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் அதோடு வைத்துத்தான் அளக்கிறார்கள். நல்ல மீன்தூளில் 60 முதல் 65 சதவீதம் புரதம். அமினோ அமிலங்கள் மீனுக்குத் தேவையான விகிதத்திலேயே அமைந்திருக்கும். டாரின், கொலஸ்ட்ரால், ஒமேகா-3 கொழுப்பு எல்லாம் கூடவே வரும். வாசனை மீனைத் தீவனத்துக்கு இழுக்கும். குறை இரண்டு. முதலாவது விலை. உலகின் மிகப்பெரிய மீன்தூள் ஏற்றுமதியாளரான பெரு, 2023-ல் எல் நினோவால் நெத்திலியின் முதல் பருவத்தையே ரத்து செய்தது. அந்த அதிர்ச்சி இங்கே மூட்டை விலையில் தெரிந்தது. மேற்குக் கரையில் மங்களூர், ரத்னகிரி ஆலைகள் மத்தி மீனை நம்பியிருக்கின்றன. மத்தியோ ஒரு வருடம் கடலை நிரப்பும், அடுத்த சில வருடம் காணாமல் போகும். இரண்டாவது குறை கலப்படம். துறைமுகத்தில் மணலில் காயவைத்து அரைத்த கருவாட்டுத் தூளும் மீன்தூள் என்ற பெயரில்தான் வருகிறது. அதில் மணலும் உப்பும் சேர்ந்து புரதம் 40 சதவீதத்துக்குக் கீழே போய்விடும்.

புரதத்தை ஆய்வகத்தில் அளப்பது எப்படி என்று தெரிந்துகொள்வது இந்த இடத்தில் உதவும். நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குகிறார்கள். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். அதாவது ஒரு கிலோ தூளில் 10 கிராம் யூரியா கலந்தால், ஒரு துளி புரதமும் கூடாமலே காகிதத்தில் ஏறக்குறைய 2.9 சதவீதம் புரதம் ஏறிவிடும். மீன்தூளில் நடப்பது போலவே மலிவான தாவரத் தூள்களிலும் இது நடக்கிறது. எனவே 'புரதம் இவ்வளவு' என்ற ஒற்றை எண்ணை நம்பி வாங்காதீர்கள். ஆய்வகத்தில் கொடுக்கும்போது யூரியாவும் மணலும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தாவரப் புரதத்தில் முதலிடம் சோயாவுக்கு. எண்ணெய் எடுத்த சோயாத் தூளில் 44 முதல் 48 சதவீதம் புரதம். அமினோ அமிலங்களில் லைசின் தாராளம், மெத்தியோனைன் குறைவு. பச்சை சோயாவில் டிரிப்சினைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, அது மீனின் செரிமான நொதியை முடக்கும். சூடு காட்டினால் அது அழியும். சூடு அதிகமானால் லைசினும் சேர்ந்து வீணாகும். இந்த நடுநிலையை ஆலை சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. யூரியாவும் ஃபீனால் சிவப்பும் கலந்த கரைசலைத் தூளின் மேல் தெளித்தால், அங்கங்கே சில சிவப்புப் புள்ளிகள் வர வேண்டும். முழுக்கச் சிவந்தால் வேகவில்லை. ஒரு புள்ளியும் வராவிட்டால் தீய்ந்துவிட்டது என்று சந்தேகப்படலாம். கோழித் தீவன ஆலைகளில் தினம் செய்வது இது. மீன் பண்ணையாளர் யாரும் கேட்பதில்லை, கேட்டால் கொடுப்பார்கள்.

சோயாவுக்கு விலை நிலையாக இருக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். 2021-ல் விலை எகிறியபோது கோழிப் பண்ணையாளர்கள் அலறி, அந்த ஆகஸ்ட்டில் மத்திய அரசு 12 லட்சம் டன் மரபணு மாற்றிய சோயாத் தூளை இறக்குமதி செய்ய அனுமதித்தது. மீன்தூளுக்கு எல் நினோ என்றால் சோயாவுக்கு மத்தியப் பிரதேசத்து மழை.

கடலைப் புண்ணாக்கு நம் ஊர்க்காரர்களின் செல்லப் பிள்ளை. 40 முதல் 45 சதவீதம் புரதம், மீனுக்குப் பிடித்த வாசனை, பக்கத்துச் செக்கிலேயே கிடைக்கும். ஆனால் லைசினும் குறைவு, மெத்தியோனைனும் குறைவு. இன்னொன்று பூஞ்சை. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைத் தூளில் இருந்த பூஞ்சை நஞ்சுதான் காரணம் என்று தெரிந்தது. அஃப்ளாடாக்சின் என்ற பெயரே அதற்குப் பிறகு வந்ததுதான். அடுத்த சில வருடங்களில் அமெரிக்கக் குஞ்சுப் பொரிப்பகங்களில் வானவில் ட்ரவுட் மீன்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்ததற்கும் அதே நஞ்சுதான் காரணமாக இருந்தது. அங்கே வந்த வழி பருத்திக்கொட்டைத் தூள். நீலகிரி அவலாஞ்சியில் இருப்பதும் அதே ட்ரவுட்தான். நம் கெண்டையும் திலேப்பியாவும் ட்ரவுட் அளவுக்கு மென்மையானவை இல்லை என்றாலும், கல்லீரல் கெட்ட மீன் வளர்ச்சியில் சுணங்கும், நோய்க்குச் சீக்கிரம் விழும். வேகவைத்தால் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். இந்த நஞ்சு சமையல் சூட்டுக்கு அசையாது.

எள்ளுப் புண்ணாக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதில் மெத்தியோனைன் அதிகம், லைசின் குறைவு. சோயாவுக்கு நேர் எதிர். இரண்டையும் கலந்தால் ஒன்றின் ஓட்டையை மற்றது அடைக்கும். விலை கூடுதல் என்பதாலும் பாஸ்பரஸைப் பூட்டிவைக்கும் ஃபைட்டேட் அதிகம் என்பதாலும் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் நான் சொல்ல மாட்டேன், ஆனால் அந்த ஐந்து பங்கு டப்பாவில் வாங்கும் மெத்தியோனைனில் ஒரு பகுதியை மிச்சம் பிடிக்கும்.

பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு மாட்டுக்குச் சரி. அதில் உள்ள காசிபால் லைசினைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதிகம் போனால் மீனின் இனப்பெருக்கத்தையும் பாதிக்கும். தாய் மீன் குளத்தில் அறவே வேண்டாம். தேங்காய்ப் புண்ணாக்கில் புரதம் 20 சதவீதத்தைச் சுற்றித்தான், நார் அதிகம். பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைத்தால் தவிட்டின் இடத்தில் கொஞ்சம் போடலாம், புரதத்துக்காக வாங்க வேண்டியதில்லை. அசோலா பற்றி ஒரு வரி: உலர்ந்தால் 20 சதவீதத்துக்கு மேல் புரதம், ஆனால் ஈரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். புல் கெண்டைக்கும் திலேப்பியாவுக்கும் தின்பண்டமாகப் போடுங்கள்.

கடந்த சில வருடங்களில் புதிதாக வந்து சேர்ந்தது எத்தனால் ஆலைகளின் கழிவான அரிசி டிடிஜிஎஸ். பெட்ரோலில் எத்தனால் கலப்பது கூடக் கூட இது சந்தையில் குவிகிறது. அரிசியிலிருந்து வருவதில் 40 சதவீதத்துக்கு மேல் புரதம், மக்காச்சோளத்திலிருந்து வருவதில் 26 முதல் 30. விலை இறங்கியிருப்பதால் ஆசை காட்டும். லைசின் குறைவு, உலர்த்தும் சூட்டில் இருப்பதும் கெடும், பூஞ்சை நஞ்சு இருந்த தானியத்தில் எடுத்தால் அந்த நஞ்சு இதில் ஏறக்குறைய மூன்று மடங்காகச் செறிந்துவிடும். ஏனென்றால் மாவுச்சத்து சாராயமாகப் போய்விட்டது, மற்றதெல்லாம் இங்கே தங்கிவிட்டது. ஒரே ஆலையிலிருந்து, ஆய்வு அறிக்கையோடு வந்தால் பத்துப் பங்கு வரை கலக்கலாம். சந்தையில் திறந்த மூட்டையாக வந்தால் நான் தொட மாட்டேன்.

விலையைக் கிலோவுக்குக் கிலோ ஒப்பிடுவது வீண். புரதக் கிலோவுக்கு ஒப்பிடுங்கள். கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம். சோயா கிலோ 45 ரூபாய், 45 சதவீதப் புரதம் என்றால் ஒரு கிலோ புரதம் 100 ரூபாய். மீன்தூள் 120 ரூபாய், 60 சதவீதம் என்றால் ஒரு கிலோ புரதம் 200 ரூபாய். கருவாட்டுத் தூள் 70 ரூபாய், 35 சதவீதம் என்றால் அதுவும் 200 ரூபாய்தான், மணல் இலவசம். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கருவாட்டுத் தூள் என்ற தேர்வு இந்த ஒரு வரியிலேயே விழுந்துவிடும்.

டப்பாக்கள்

தாவரப் புரதத்துக்கு மாறும்போது வரும் முதல் சிக்கல் பாஸ்பரஸ். விதைகளில் இருக்கும் பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட் என்ற வடிவில் பூட்டிக் கிடக்கிறது. மீனிடம் அதைத் திறக்கும் நொதி இல்லை. பூட்டிய பாஸ்பரஸ் அப்படியே எச்சத்தில் வெளியேறி, குளத்தில் பாசியாகப் பூக்கிறது. ஃபைட்டேட் துத்தநாகத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். இதற்குத் தீர்வாக விற்கப்படுவது ஃபைட்டேஸ் என்ற நொதி. தீவனத்துக்குக் கிலோவுக்கு 500 முதல் 1,000 யூனிட் என்ற அளவில் சேர்க்கிறார்கள்.

கடையில் ஃபைட்டேஸ் வேலை செய்யுமா என்று கேட்டால் செய்யும் என்பார்கள். எந்த மீனுக்கு என்று கேட்க வேண்டும். சந்தையில் உள்ள ஃபைட்டேஸ் அமிலத்தில் வேலை செய்வது, பிஎச் 2.5 முதல் 5.5 வரையிலான இடத்தில் அதற்கு வேகம் அதிகம். திலேப்பியாவின் இரைப்பை அதற்கென்றே செய்துவைத்தது போல. ரோகுவுக்கு இரைப்பை இல்லையே. அதன் குடல் காரத்தின் பக்கம் சாய்ந்தது, நொதி அங்கே சோம்பிப்போகும். மும்பையில் உள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தில் ரோகுவை வைத்து நடந்த ஆய்வுகளில், சிட்ரிக் அமிலத்தையும் ஃபைட்டேஸையும் சேர்த்துக் கொடுத்தபோது தாதுக்களின் செரிமானம் கூடியது. அதாவது மீனிடம் இல்லாத அமிலத்தைத் தீவனத்திலேயே கொடுக்க வேண்டும். ஒரு நொதி வாங்கப் போய் இரண்டு பொருள் செலவு. கெண்டைக்கு அதைவிட எளிய வழி மோனோ கால்சியம் பாஸ்பேட்டை நேரடியாகச் சேர்ப்பது. மாட்டுத் தீவனக் கடையில் மலிவாகக் கிடைக்கும் டை கால்சியம் பாஸ்பேட்டை எடுத்துவராதீர்கள். அமிலம் இல்லாத கெண்டைக் குடலில் அதிலிருந்து பாதி பாஸ்பரஸ்கூடக் கிடைப்பதில்லை, மோனோவிலோ பத்தில் ஒன்பது பங்கு கிடைத்துவிடும். மீன்தூளின் எலும்பில் இருக்கும் பாஸ்பரஸும் கெண்டைக்குப் பெரும்பகுதி கிடைக்காது. மீன்தூள் போட்டால் தாது தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையும் இங்கே அடிபடுகிறது.

ஃபைட்டேஸ் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: சூடு. மிதவைத் தீவனம் செய்யும் எக்ஸ்ட்ரூடரில் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டும். அதற்கு முன் கலந்த சாதாரண நொதி வெந்துபோகும். தீவனம் ஆறிய பிறகு எண்ணெயோடு சேர்த்து மேலே தெளிக்க வேண்டும், அல்லது சூடு தாங்கும்படி பூச்சிட்ட வகையை வாங்க வேண்டும். ப்ரோபயாட்டிக்குக்கும் இதே விதி. பேசில்லஸ் வகைகள் ஸ்போர் என்ற வித்து வடிவில் சூட்டைத் தாங்கும், லாக்டோபேசில்லஸ் தாங்காது. டப்பாவில் எந்த வகை என்று எழுதவில்லை என்றால் அங்கேயே வைத்துவிட்டு வரலாம்.

அடுத்தது மெத்தியோனைனும் லைசினும். திலேப்பியாவுக்கும் பங்காசியஸுக்கும் சோயா அடிப்படையிலான தீவனத்தில் கொஞ்சம் மெத்தியோனைன் சேர்ப்பது கொடுத்த காசுக்கு மேல் தரும். கெண்டையில் கதை வேறு. தனியாகப் போடும் அமினோ அமிலம் இரைப்பையில் தங்காமல் குடலில் சட்டென்று உறிஞ்சப்பட்டு, புரதத்திலிருந்து வரும் மற்ற அமினோ அமிலங்கள் வந்து சேர்வதற்குள் எரிந்து போய்விடுகிறது. நாளைக்கு ஒரு வேளை தீவனம் போடும் குளத்தில் இந்த வீணடிப்பு அதிகம், மூன்று நான்கு வேளையாகப் பிரித்துப் போட்டால் குறையும். தண்ணீரில் கரைந்து போவதும் உண்டு. ஆகவே கெண்டைக்கு எள், சோயா, கடலை என்று புண்ணாக்கைக் கலந்தே அமினோ அமிலத்தைச் சரிக்கட்டுங்கள்.

நஞ்சை ஒட்டிப் பிடிக்கும் களிமண் வகைகள், அதாவது பென்டோனைட் போன்றவை, கடலைப் புண்ணாக்கு போடுபவருக்குச் சேமிப்பில் வைத்துக்கொள்ள வேண்டிய பொருள். அஃப்ளாடாக்சினை நன்றாகவே பிடிக்கும். மக்காச்சோளத்தில் வரும் வேறு பூஞ்சை நஞ்சுகளைப் பிடிப்பதில் அது மோசம். டிடிஜிஎஸ்ஸுக்கு இதை நம்ப முடியாது என்பதும் அதனால்தான்.

வைட்டமின் சி வாங்கினால் பாஸ்பேட் வடிவில் உள்ளதை வாங்குங்கள், சாதாரண வகை அரைத்து அழுத்துவதற்குள் பாதி போய்விடும். நார் உடைக்கும் நொதிகள் தவிடும் டிடிஜிஎஸ்ஸும் அதிகம் உள்ள கலவையில் கொஞ்சம் உதவும், சோயா கலவையில் அவ்வளவு இல்லை. பூண்டுச்சாறு, மஞ்சள், வேப்பிலை என்று கலக்குபவர்களைத் தடுக்க மாட்டேன், ஆனால் அதைப் புரதக் கணக்கில் சேர்க்காதீர்கள். 'வளர்ச்சி ஊக்கி' என்று மட்டும் எழுதி உள்ளடக்கம் எழுதாத பாட்டிலை வாங்கவே கூடாது. அதில் தடை செய்யப்பட்ட ஆன்டிபயாட்டிக் இருந்தால் மாட்டிக்கொள்வது உங்கள் மீனும் நீங்களும்.

சரி, உங்கள் குளத்துக்கு எது?

கெண்டை வளர்க்கும் மண் குளம் என்றால் மீன்தூள் இல்லாமலே போகலாம் என்பது என் முடிவு. பழைய புண்ணாக்கு, தவிடு கலவையைவிட ஒரு படி மேலே போக நினைத்தால் 100 கிலோவுக்கு இப்படிக் கலந்து பாருங்கள்: சோயாத் தூள் 30, கடலைப் புண்ணாக்கு 15, எள்ளுப் புண்ணாக்கு 5, எண்ணெய் எடுத்த தவிடு 30, மரவள்ளி மாவு 15, எண்ணெய் 2, மோனோ கால்சியம் பாஸ்பேட் ஒன்றரை, தாது வைட்டமின் கலவை ஒன்றரை. புரதம் 26, 27 சதவீதத்தில் வந்து நிற்கும். மரவள்ளி மாவை முதலில் கஞ்சியாகக் காய்ச்சிக் கலந்தால் உருண்டை தண்ணீரில் சீக்கிரம் கரையாது. சின்ன பெல்லட் மிஷினில் பிழிந்து நிழலில் காயவைத்தால் போதும், மிதக்க வேண்டிய அவசியமில்லை. தூளாக வாரி இறைப்பதை மட்டும் நிறுத்துங்கள். தூளில் போகும் சோயா மீனுக்குப் போவதைவிடத் தண்ணீருக்கு உரமாகப் போவதே அதிகம்.

கிஃப்ட் என்ற மேம்படுத்திய ரகத் திலேப்பியா, பங்காசியஸ் வளர்ப்பவர்கள் கடையில் வாங்கும் மிதவைத் தீவனத்தையே வாங்குவது நல்லது என்று நினைக்கிறேன். இன்று அந்தத் தீவனங்களில் பெரும்பகுதி சோயாதான், மீன்தூள் சொற்பம் அல்லது இல்லவே இல்லை. ஒரு கிலோ மீனுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிலோ தீவனம் என்ற கணக்கு அதில் கிடைக்கும். வீட்டில் கலந்து மூழ்கும் தீவனம் போட்டால் தின்றதும் தின்னாததும் தெரியாது, கணக்கு இரண்டைத் தாண்டும். கிலோவுக்குப் பத்து ரூபாய் மிச்சம் என்று கலக்கத் தொடங்கி, மீன் கிலோவுக்கு அதைவிட அதிகம் தொலைப்பவர்கள் நிறைய. அப்படியும் சொந்தமாகக் கலக்கத்தான் வேண்டும் என்றால், மேலே சொன்ன கெண்டைக் கலவையில் தவிட்டைக் குறைத்து சோயாவைக் கூட்டி, ஃபைட்டேஸும் கொஞ்சம் மெத்தியோனைனும் சேருங்கள். இந்த மீன்களுக்கு அந்த இரண்டு டப்பாவும் காசுக்கு வேலை செய்யும்.

விராலுக்கு வருவோம். இங்கேதான் மனம் தடுமாறும். இதுவரை கழிசல் மீனும் கோழிக்கழிவும் போட்டு வளர்த்தவர்கள், அதற்குப் பதில் சோயா போட முடியுமா என்று கேட்கிறார்கள். கழிசல் மீனில் ஒரு கிலோ விராலுக்கு நான்கைந்து கிலோ போகும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் அதுவும் கிடைக்காது. கம்போடியாவில் விராலுக்காக ஆற்றுப் பொடிமீனை அள்ளிக் கொட்டியதைப் பார்த்து, 2000-களின் நடுவில் விரால் வளர்ப்பையே அரசு தடை செய்தது. தீவனத்துக்குப் பழக்கிய குஞ்சுகள் வந்த பிறகு 2016-ல்தான் தடை நீங்கியது. வியட்நாமின் மேகாங் டெல்டாவில் கான் தோ பல்கலைக்கழகம் செய்த வேலையில், மீன்தூளின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு சோயாவைக் கொண்டுவர முடிந்தது, ஃபைட்டேஸும் அமினோ அமிலங்களும் சேர்த்துக்கொண்டு. முழுதாக மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். குஞ்சிலேயே பெல்லட்டுக்குப் பழக்காத விராலை வளர்ந்த பிறகு பழக்குவது பெரும்பாடு. அது தீவனத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கும் தம்பியைத் தின்னும். எனவே விராலுக்குச் செலவு குறைக்கும் இடம் பெல்லட்டுக்குப் பழக்கிய குஞ்சை வாங்குவது. அதை வாங்கிவிட்டால் புரதத்தில் மூன்றில் ஒரு பங்கு சோயாவாக உள்ள தீவனத்தைத் தைரியமாகப் போடலாம்.

கொடுவாவுக்கும் ஏறக்குறைய அதேதான், கூடுதலாக டாரினும் மீன் எண்ணெயும் வேண்டும். தாவரத்தில் டாரின் இல்லை, கடல் மீனுக்கு ஒமேகா-3-ஐத் தானே நீட்டித் தயாரிக்கும் திறமையும் போதாது. நார்வேயில் சால்மன் தீவனத்தில் 1990-ல் 90 சதவீதம் கடல் பொருளாக இருந்தது, 2020-ல் கால் பங்குக்கும் கீழே வந்துவிட்டது என்று காட்டிச் சிலர் வாதாடுவார்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் நம் கடையில் கிடைக்கும் சோயாத் தூளை வைத்து அதைச் சாதிக்கவில்லை. சாதாரண சோயாத் தூள் போட்ட சால்மனுக்குக் குடல் வீங்கியதை 1990-களிலேயே பார்த்துவிட்டு, சர்க்கரையும் சபோனினும் நீக்கிய சோயாச் செறிவும் கோதுமைப் புரதமும் வாங்குகிறார்கள். அந்தச் செறிவின் விலை இங்கே மீன்தூளைத் தொட்டு நிற்கும். கொடுவாவுக்கு மீன்தூளைப் பாதிக்குக் கீழே இறக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வனாமி இறாலுக்குத் தனிக் கட்டுரை வேண்டும். சுருக்கமாக: இறாலால் கொலஸ்ட்ராலைத் தானே செய்ய முடியாது, தாவரத்தில் அது கிடைக்காது. மீன்தூளைக் குறைக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் கொலஸ்ட்ராலும் லெசித்தினும் தேடி வாங்க வேண்டி வரும். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் வனாமி பிளஸ் உள்நாட்டு மூலப்பொருட்களை வைத்து உருவாக்கிய குறைந்த விலைத் தீவனம். சொந்தமாகக் கலக்கக் கிளம்பும் முன் அந்த வழியில் விசாரியுங்கள்.

வாங்கும் காலத்தைப் பற்றி ஒன்று. மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிராவிலும் சோயா அறுவடையாகி அக்டோபர், நவம்பரில் வரத்து கூடும், தூளின் விலை பெரும்பாலும் அப்போது இறங்கும். கடலைப் புண்ணாக்கை அதே நேரத்தில் வாங்கிக் குவிக்காதீர்கள். நமக்கு வடகிழக்குப் பருவமழை அப்போதுதான். மழையில் பிடுங்கிச் சரியாகக் காயாத கடலையின் புண்ணாக்கும் ஈரக் கிடங்கும் சேர்ந்தால் பூஞ்சைக்கு விருந்து. சித்திரை, வைகாசி அறுவடைக் கடலையை ஆட்டிய புண்ணாக்கைக் கேட்டு, ஒரு மாதத்துக்குப் போதுமானதை மட்டும் வாங்கி, தரையில் பலகை போட்டுச் சுவரில் ஒட்டாமல் அடுக்குங்கள். கட்டியாக இருந்தாலோ, உடைத்தால் உள்ளே பச்சையோ கருப்போ தெரிந்தாலோ, விலை எவ்வளவு குறைத்தாலும் அந்த மூட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.